கிணற்றின் கொள்ளளவும் ஊற்றின் வேகமும்

பலாலி வீதியில் கோண்டாவிலைத் தாண்டினால் உரும்பிராய்ச் செம்மண் தொடங்கிவிடும். ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் இந்த மண்ணைப் புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் உருளைக்கிழங்குக்கும் பழக்கியது கிணறுதான். துலா இறைப்பில் ஒருவர் பட்டையைப் பிடிப்பார், ஒருவரோ இருவரோ துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடப்பார்கள், இன்னொருவர் வாய்க்காலில் நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவார். மனிதக் காலின் வேகத்துக்கு மேல் அந்த இறைப்பு போகாது. சுண்ணாம்புக்கல் வெடிப்புகளின் வழியே ஊறும் தண்ணீர் அநேகமான கிணறுகளில் அதற்கு ஈடுகொடுத்தது. 1950களுக்குப் பிறகு மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு மிசின் பரவியது. 1970 முதல் 1977 வரை மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் இருந்த இறக்குமதிக் கட்டுப்பாட்டால் தோட்டக்காரர் கையில் காசு புரண்டபோது அது இன்னும் வேகமாகப் பரவியது. அதன்பின் தலைமுறைகளாகப் போதும் போதும் என்றிருந்த கிணறே போதாமற் போயிற்று. கிணறு சுருங்கவில்லை, இறைப்பவனின் வேகம் கூடிவிட்டது. கிணற்றில் நிற்கும் தண்ணீர் எவ்வளவு, இறைக்க இறைக்க அது எவ்வளவு விரைவாக ஊறும் என்ற இரண்டு கணக்கும் அதற்குப் பிறகே தனித்தனியாகத் தெரிய வந்தன. கிணற்றை அகட்டி ஆழமாக்குவதா, அடியில் துளைபோட்டு ஊற்றைத் திறப்பதா என்பது காசு ஒரு வேலைக்கு மட்டுமே போதும் என்றிருந்த தோட்டக்காரனின் கேள்வி.

மடிக்கணினி வாங்கப் போகிறவர் முன்னால் இன்று நிற்பதும் இந்தக் கேள்விதான். நினைவகத்தை, அதாவது ரேமை, 8 ஜிபியிலிருந்து 16 ஆக்குவதா? அல்லது அதே காசுக்கு வேகமான சேமிப்பகத்தைப் போடுவதா? நினைவகம் என்பது செயலி உடனே எட்டி எடுக்கும் நிலைத்தண்ணீர். சேமிப்பகம், அது குறையக் குறைய நிரப்பும் ஊற்று. செயலிதான் மிசின். ஒப்புமையை இதற்கு மேல் இழுக்கக்கூடாது. குடாநாட்டின் நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கும் ஒரு படலம். கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நன்னீர் தாங்கி நிற்கும் என்பது கைபன்–ஹெர்ஸ்பெர்க் விதி. ஆகவே கிணற்றை அளவுக்கு மீறி ஆழமாக்கி அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு மேலே வரும். கணினியில் நினைவகத்தைக் கூட்டினால் காசைத் தவிர வேறொன்றும் கெடாது. இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, இந்தக் கேள்விக்கு நிரந்தர விடை ஒருபோதும் இருந்ததில்லை என்பதையே இங்கே காட்ட முயல்கிறேன். மூன்று காலங்களில் விடை மாறி மாறி வந்திருக்கிறது. இன்று கேட்கும் தவறான ஆலோசனைகளில் பெரும்பாலானவை ஒரு காலத்தில் சரியாக இருந்தவை.

முதற் காலத்தில் நினைவகம் தங்கம் போன்ற விலை. 1962 டிசெம்பரில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இயக்கிவைக்கப்பட்ட அட்லஸ் கணினியில் காந்த வளைய நினைவகம் 16,384 சொற்களைக் கொண்டது. அதனோடு சுழலும் உருளைகளில் 98,304 சொற்களுக்கு இடம் இருந்தது. ரொம் கில்பேர்ணும் கூட்டாளிகளும் இரண்டையும் ஒன்றாக இணைத்து, நிரல் எழுதுபவருக்கு எல்லாம் ஒரே பெரிய நினைவகமாகத் தோன்றச் செய்தார்கள். தேவையான பக்கம் நினைவகத்தில் இல்லையென்றால் இயந்திரமே உருளையிலிருந்து கொண்டுவரும். இன்று ஒவ்வொரு மடிக்கணினியிலும் இருக்கும் மெய்நிகர் நினைவகத்தின் பிறப்பு இது. ஆனால் நினைவகத்தைத் தொட அட்லஸுக்கு 2 மைக்ரோ செக்கன் போதும், உருளையைத் தொடச் சராசரி 6 மில்லி செக்கன் வேண்டும். மூவாயிரம் மடங்கு. ஆறு ஆண்டுகள் கழித்து, 1968 இல், பீற்றர் டெனிங் இதன் விளைவைக் கணித்துக் காட்டினார். ஒரு நிரல் குறிப்பிட்ட வேளையில் உண்மையில் தொட்டுக்கொண்டிருக்கும் பக்கங்கள் எல்லாம் நினைவகத்துக்குள் அடங்கும்வரை சிக்கலில்லை. அடங்காத கணத்திலிருந்து இயந்திரம் வேலையை விட்டுவிட்டுப் பக்கங்களைக் கொண்டுவருவதும் தள்ளுவதுமாக அலையத் தொடங்கும். வேகம் படிப்படியாகக் குறைவதில்லை, ஒரே சரிவாகச் சரிகிறது. என் வாதத்தின் அச்சு இந்த ஒரு பண்புதான். நினைவகத்துக்கு ஒரு வாசற்படி உண்டு. அதற்குக் கீழே எல்லாம் தள்ளாட்டம், அதற்கு மேலே நீங்கள் கூட்டும் ஒவ்வொரு ஜிபியும் பெரும்பாலும் சும்மா கிடக்கும். சேமிப்பக வேகத்துக்கு அப்படி வாசற்படி கிடையாது. கூடக்கூடக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலன் தரும், பிறகு அந்தப் பலனும் தேய்ந்துகொண்டே போகும்.

இதைக் காசுக் கணக்காக மாற்றியவர்கள் ஜிம் கிரேயும் பிராங்கோ புட்சோலுவும். ரான்டெம் நிறுவனத்தில் இருந்தபோது அவர்கள் எழுதி 1987 இல் ஒரு மாநாட்டில் வெளிவந்த கட்டுரை நம்முடைய கேள்வியையே கேட்கிறது. வட்டுக்குப் போவதைத் தவிர்க்க எவ்வளவு நினைவகம் வாங்கலாம்? அன்றைய விலையில் செக்கனுக்கு ஒரு தடவை வட்டைத் தொடும் வசதிக்கு ஏறத்தாழ 2,000 டொலர் ஆயிற்று. ஒரு கிலோபைட் நினைவகத்துக்கு 5 டொலர். இரண்டையும் வகுத்தால் 400 வரும். அதாவது 400 செக்கனுக்குள் மறுபடி தேவைப்படும் கிலோபைட் தரவை நினைவகத்தில் வைத்திருப்பதே மலிவு. அதைச் சுருக்கி ஐந்து நிமிட விதி என்றார்கள். இதன் அழகு, விடையைச் சொல்லாமல் விடையைக் காணும் வழியைச் சொன்னதில் இருக்கிறது. விலை மாறினால் விடையும் மாறும். அதனால் 1997 இலும் 2007 இலும் ஆய்வாளர்கள் அதே கணக்கைப் புது விலைகளோடு மறுபடி போட்டுப் பார்த்தார்கள். கடைகளில் அடிபடும் ‘எப்பவும் முதலில் இதைப் போடுங்கோ’ என்ற ஆலோசனைக்கும் இதற்கும் உள்ள தூரம் பெரியது.

இந்தக் கதையின் நடுப்பகுதியைக் குடாநாடு பார்க்கவே இல்லை. 1990 இல் போரால் மின்சாரம் போனது. எரிபொருளுக்கும் மின்கலங்களுக்கும் தடை வந்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட ஊரில் கணினி நினைவகம் பற்றிப் பேச்சு எழ வழியில்லை. விண்டோஸ் 95 விற்பனைக்கு வந்தது 1995 ஆகஸ்ட் 24 இல். குறைந்தது 4 எம்பி நினைவகம் போதும் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தார்கள். 4 எம்பியோடு ஓட்டியவர்கள் வன்தட்டின் விளக்கு அணையாமல் மினுங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டெனிங் சொன்ன சரிவு வீட்டு மேசைக்கு வந்த காலம் அது. அதே ஆண்டு ஒக்டோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் போரால் இடம்பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தது, உரும்பிராயும் கூட. குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை 2002 ஏப்ரலில் திறந்தபோதுதான் கணினிகளும் கணினி வகுப்புகளும் இணையக் கடைகளும் யாழ்ப்பாணத்தில் பரவலாயின. 2006 ஆகஸ்டில் பாதை மறுபடி மூடியது. ஆகவே மற்ற ஊர்களில் இருபது ஆண்டுகளாகப் படிப்படியாக வந்த மாற்றங்கள் இங்கே 2009க்குப் பிறகு ஒரே குவியலாக வந்து இறங்கின. கொழும்பில் வாங்கிய புதியதும், கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ உறவினர் கொண்டுவந்து கொடுத்த பழையதும் ஒரே தெருவில் இருக்கும். இதை நான் வெறும் பின்னணியாகச் சொல்லவில்லை. மூன்று காலத்து இயந்திரங்களும் ஒரே ஊரில் ஒரே வேளையில் ஓடுவதால்தான் ஒரே ஆலோசனை இங்கே இவ்வளவு பிழைக்கிறது.

இரண்டாம் காலம் எஸ்எஸ்டியோடு, அதாவது சுழலும் தகடு இல்லாத சேமிப்பகத்தோடு, வந்தது. அதன் தேவை ஏன் அவ்வளவு கூர்மையாக இருந்தது என்பதற்கு வன்தட்டின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். 1956 இல் ஐபிஎம் வெளியிட்ட ரமாக் வட்டில் 50 தகடுகள் இருந்தன, மொத்தமே 50 இலட்சம் எழுத்துகள். ஒரு தகவலைத் தேடி எடுக்கச் சராசரி 600 மில்லி செக்கன். ஐம்பது ஆண்டுகள் கழித்து மடிக்கணினி வன்தட்டின் கொள்ளளவு பல பத்தாயிரம் மடங்கு பெருகியிருந்தது. தேடும் நேரமோ நாற்பது மடங்கு அளவுக்கே குறைந்திருந்தது. காரணம் எளிது. நிமிடத்துக்கு 5,400 தடவை சுழலும் தகட்டில் வேண்டிய இடம் முனையின் கீழே வரச் சராசரி அரைச் சுற்று, 5.6 மில்லி செக்கன், காத்திருந்தே ஆக வேண்டும். அதற்கு முன்னால் முனை நகர்ந்துவரும் நேரம் வேறு. இரும்பு சுழலும் வேகத்தை எந்தப் பொறியாளராலும் பேசி மாற்ற முடியாது. 2008 ஜனவரியில் அப்பிள் தன் முதல் மக்புக் எயாரில் 64 ஜிபி எஸ்எஸ்டியைத் தெரிவாக வைத்தபோது அதற்கு மட்டும் 999 டொலர் கூடுதலாகக் கேட்டது. அதே ஆண்டு செப்டெம்பரில் இன்டெலின் எக்ஸ்25-எம் 80 ஜிபி 595 டொலருக்கு வந்தது. அடுத்த பத்தாண்டில் விலை சரிந்தது. செக்கனுக்கு நூறு தேடல்களோடு மூச்சு வாங்கிய வன்தட்டின் இடத்தில் பல பத்தாயிரம் தேடல்களைச் செய்யும் ஒன்று வந்தமர்ந்தது. அந்தக் காலத்தில் ‘4 ஜிபி இருந்தாலும் பரவாயில்லை, முதலில் எஸ்எஸ்டி போடு’ என்றவர் சரியாகவே சொன்னார். ஊற்று அடைபட்டுக் கிடந்த கிணறு அது. வன்தட்டோடு ஓடும் பழைய மடிக்கணினி இன்று உங்கள் வீட்டில் இருந்தால் அந்த விடை இன்றும் செல்லும். நினைவகத்தைத் தொடவே வேண்டாம், முதலில் தட்டை மாற்றுங்கள்.

எஸ்எஸ்டி எங்கும் பரவியபின் வந்த மூன்றாம் காலத்தில் பிழை எங்கே தொடங்குகிறது என்றால், அந்த வெற்றியின் நினைவில் எஸ்எஸ்டியிலிருந்து இன்னும் வேகமான எஸ்எஸ்டிக்குப் போவதையும் அதே வகை மாற்றமாக எண்ணுவதில். சாற்றா இணைப்பில் செக்கனுக்கு 550 எம்பி வாசிக்கும் எஸ்எஸ்டியை விட்டு 3,500 அல்லது 7,000 எம்பி வாசிக்கும் என்விஎம்இக்குப் போனால் எண் பெரிதாகத் தெரியும். அந்த எண் ஒரு பெரிய கோப்பைத் தொடர்ச்சியாக வாசிக்கும்போது கிடைப்பது. அன்றாட வேலையில் கணினி கேட்பது சின்னச் சின்னத் துண்டுகளை. அவற்றுக்கான காத்திருப்பு நேரம் இரண்டிலும் பத்து மடங்கு வித்தியாசப்படுவதில்லை. வன்தட்டிலிருந்து சாற்றா எஸ்எஸ்டிக்கு வந்தவர் உணர்ந்த பாய்ச்சலை அங்கிருந்து என்விஎம்இக்குப் போகிறவர் உணர மாட்டார். ஐந்து காணொளிகளை ஒன்றாக வெட்டி ஒட்டுபவர் உணரலாம், அது வேறு கதை. வேகமான சேமிப்பகம் வேண்டுமென்று அதிகக் காசு கொடுக்கும் பெரும்பாலானோர் விளம்பர எண்ணையே வாங்குகிறார்கள் என்பது என் கணிப்பு.

மூன்றாம் காலத்தின் இன்னொரு பண்பு வேகத்தைப் பற்றியதே அல்ல, திருத்த முடியாமையைப் பற்றியது. பழைய மடிக்கணினியின் அடிமூடியைக் கழற்றினால் நினைவகத் துண்டைக் கையால் எடுத்துப் புதியதைச் செருகலாம். மெல்லிய மடிக்கணினிகள் பரவியபின் நினைவகத்தைத் தாய்ப்பலகையிலேயே ஈயப்பற்று வைத்து ஒட்டிவிடுகிறார்கள். மின்சாரம் குறைவாக எடுக்கும் எல்பிடிடிஆர் வகை நினைவகத்துக்கு அண்மைக்காலம் வரை வேறு வழியும் இருக்கவில்லை. கழற்றி மாட்டக்கூடிய புதிய வடிவத்துக்கான தரநிலை 2023 டிசெம்பரில்தான் வெளியானது, அது மலிவு இயந்திரங்களுக்கு வரக் காலம் எடுக்கும். சேமிப்பகம் அப்படியல்ல. அப்பிள் போன்ற சிலவற்றைத் தவிர்த்தால் இன்றும் பெரும்பாலான மடிக்கணினிகளில் ஒரு திருகாணியைக் கழற்றி எம்.2 துண்டை மாற்றலாம். இரண்டில் ஒன்றைப் பின்னால் கூட்டலாம், மற்றதைக் கூட்ட முடியாது என்றால், வாங்கும் நாளில் காசு எதற்குப் போக வேண்டும் என்பதற்கு நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. பெரிய நிறுவனங்களும் அதே பக்கம் நகர்ந்திருக்கின்றன. செயற்கை நுண்ணறிவு வசதிகளோடு 2024 மே மாதம் மைக்ரோசொஃப்ட் அறிவித்த புதிய வகை மடிக்கணினிகளுக்குக் குறைந்த நினைவகம் 16 ஜிபி. அப்பிளும் அதே ஆண்டு ஒக்டோபரில் தன் மடிக்கணினிகளின் தொடக்க அளவை 8இலிருந்து 16க்கு உயர்த்தியது. தமிழ்நாட்டு அரசு 2011 செப்டெம்பரில் மாணவர்களுக்காகத் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தின் முதற் கட்டத்தில் வழங்கியவை சுழலும் வன்தட்டு கொண்டவை. 2025 இல் மாணவர்களுக்கு மறுபடி மடிக்கணினி வழங்க அரசு நிறுவனமான எல்காட் கேட்ட ஒப்பந்தப்புள்ளியில் 8 ஜிபி நினைவகமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் இருந்தன. சேமிப்பக அளவை ஆடம்பரமாக்காமல் எஸ்எஸ்டிக்குப் போனது நல்ல முடிவு. 8 ஜிபி என்பது அந்த மாணவரின் நான்காம் ஆண்டு வரை தாக்குப்பிடிக்குமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

எவ்வளவு நினைவகம் ‘போதும்’ என்பதைப் பொதுவாகப் பேசினால் கட்சி கட்டுவதில்தான் முடியும். ஒரு வேலையை எடுத்துக் கணக்குப் பார்க்கலாம். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்த மண்ணில், பழைய நூல்களையும் கோயில் மலர்களையும் பாடசாலை மலர்களையும் மின்வருடிப் பாதுகாப்பது இன்று ஒரு முக்கியமான தொழில். நூலகம் என்ற எண்ணிம நூலகம் 2005 முதல் இதைச் செய்துவருகிறது. ஒரு ஏ4 பக்கத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அளவில் வண்ணத்தில் வருடினால் 2,480க்கு 3,508 புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ஒரு பக்கத்துக்கு 26 எம்பி. சுருக்கிச் சேமித்தால் கோப்பு ஓர் எம்பிக்குள் வந்துவிடும், ஆனால் திரையில் திறந்து சரிசெய்யும்போது நினைவகத்தில் நிற்பது விரிந்த 26 எம்பியே. நூறு பக்க மலரை ஒன்றாகத் திறந்தால் 2.6 ஜிபி. இயங்குதளத்துக்கும் உலாவிக்கும் போக 8 ஜிபி இயந்திரத்தில் மிஞ்சுவது அதற்குச் சற்று மேல்தான், அடுத்த மலரைத் திறந்தால் வாசற்படிக்குக் கீழே விழுந்துவிடுவோம். அந்த இடத்தில் 7,000 எம்பி வேக எஸ்எஸ்டி தருவது ஆறுதல். 16 ஜிபி தருவது தீர்வு. மறுபக்கம், உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் கட்டுரை தட்டச்சு செய்து, பத்துப் பக்கங்களை உலாவியில் திறந்து, ஒரு சூம் வகுப்பில் இருந்தால் 8 ஜிபிக்குள் அடங்குவார். அவருக்கு 32 ஜிபி விற்பவர் அவருடைய தேவையைக் கணக்கெடுக்கவே இல்லை.

இதற்கு வரும் மறுப்புகளில் வலுவானது, இன்றைய எஸ்எஸ்டி அவ்வளவு வேகம், நினைவகம் குறைந்தாலும் பக்கங்களைத் தள்ளி எடுத்துச் சமாளித்துவிடும் என்பது. 2020 நவம்பரில் அப்பிளின் எம்1 மடிக்கணினிகள் 8 ஜிபியோடு வந்து, பலர் எதிர்பார்த்ததைவிட நன்றாக ஓடியபோது இந்த வாதத்துக்குச் சதை பிடித்தது. 2023 இல் அப்பிள் அதிகாரி ஒருவர் தங்கள் 8 ஜிபி மற்றவர்களின் 16க்குச் சமம் என்றுகூடச் சொன்னார். அதில் ஓரளவு உண்மை உண்டு. தரவைச் சுருக்கி வைக்கும் உத்தியும் வேகமான எஸ்எஸ்டியும் வாசற்படியின் விளிம்பைச் சற்றுச் சாய்வாக்கியிருக்கின்றன, முன்போல் செங்குத்தாக விழுவதில்லை. ஆனால் நினைவகத்தைத் தொட நூறு நானோ செக்கன் அளவும், எஸ்எஸ்டியைத் தொடப் பல பத்து மைக்ரோ செக்கன்களும் ஆகின்றன. இடைவெளி இன்னும் நூற்றுக்கணக்கான மடங்கு. அட்லஸின் மூவாயிரத்தோடு ஒப்பிட்டால் அறுபது ஆண்டுகளில் நாம் மூடிய தூரம் சிறிது. எஸ்எஸ்டியின் சில்லுகளில் எழுதும் எண்ணிக்கைக்கு ஓர் உச்ச அளவு இருப்பதால், நாள் முழுதும் பக்கங்களைத் தள்ளிக்கொண்டிருப்பது அதன் ஆயுளில் கைவைப்பதும்கூட. ஆயுள் முடிந்துவிடும் என்று பயமுறுத்துவது மிகை. தேவையில்லாத செலவு என்பது சரி. எது எப்படியிருந்தாலும், அடுத்த ஆண்டே அதே நிறுவனம் 16 ஜிபிக்குப் போனதை அந்த வாதத்துக்கான பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

எல்லாம் மேகக் கணினியில் நடக்கிறது, உள்ளூர் இயந்திரம் எப்படி இருந்தால் என்ன என்பார்கள் சிலர். அந்த மேகத்தைப் பார்க்கும் சன்னல் உலாவி, நினைவகத்தை அதிகம் விழுங்குவதும் அதுவே. மலிவானதை வாங்கி மூன்று ஆண்டில் மாற்றிவிடலாமே என்பவருக்கு 2022 நினைவிருக்கும். மார்ச் தொடக்கத்தில் 200 இலங்கை ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தாண்டியது. அந்த மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு. அந்த ஆண்டில் புது மடிக்கணினி வாங்கும் திட்டம் வைத்திருந்த குடும்பங்கள் கையில் இருந்ததையே இழுத்துக்கொண்டு ஓடின. நினைவகத் துளை திறந்திருந்த பழைய இயந்திரங்கள் அப்போது தப்பின. ஒட்டப்பட்ட 4 ஜிபி இயந்திரங்களுக்குச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. இலகுவான லினக்ஸ் ஒன்றைப் போட்டால் 4 ஜிபியே போதும் என்ற மறுப்பை மட்டும் நான் மறுக்கமாட்டேன். அது இறைப்பவனின் வேகத்தைக் குறைக்கும் வழி, துலாவுக்குத் திரும்புவதைப் போல. பொறுமை உள்ளவருக்கு அதைவிட மலிவான தீர்வில்லை. ஆனால் பாடசாலையும் அலுவலகமும் கேட்கும் மென்பொருள்கள் எல்லாம் அதில் ஓடுமா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விலை மறுபடி மாறிக்கொண்டிருக்கிறது. செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்களுக்கான நினைவகம் அதிக இலாபம் தருவதால் உற்பத்தியாளர்கள் அந்தப் பக்கம் திரும்ப, 2025 இன் பிற்பகுதியில் சாதாரணக் கணினி நினைவகத்தின் விலை வேகமாக ஏறியது. அந்த டிசெம்பரில் மைக்ரோன் நிறுவனம் தன் குருசியல் பெயரில் நுகர்வோருக்கு நினைவகம் விற்பதையே கைவிடுவதாக அறிவித்தது. கிரேயும் புட்சோலுவும் காட்டிய கணக்கை இன்னொரு தடவை போட்டுப் பார்க்க வேண்டிய வேளை இது. நினைவகம் விலையேறினால் வாங்கும் அளவு குறையும், வாசற்படியின் உயரம் குறையாது. எனவே 16 ஜிபிக்குக் காசு எட்டாதவர் இன்று செய்யக்கூடியது ஒன்று உண்டு. 8 ஜிபியோடு வாங்கலாம், ஆனால் இரண்டாவது நினைவகத் துளை வெறுமையாக இருக்கும் மாதிரியைத் தேடி, விற்பவரைக் கொண்டு அடிமூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு வாங்க வேண்டும். சேமிப்பகம் 256 ஜிபி சாதாரண எஸ்எஸ்டியாக இருந்தால் போதும். விலை இறங்கும் ஆண்டில் அந்த வெறுந்துளைக்குள் இன்னொரு 8 ஜிபியைச் செருகிக்கொள்ளலாம்.